சீசியம்-137 நிறமாலையில் முகட்டுக்குக் கீழே தெரியும் மேடு எதனால் வருகிறது?

மிண்டன் மாணவி:
வணக்கம். பினாங்கில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் தாலியம் கலந்த சோடியம் அயோடைடு படிகத்தைக் கொண்டு சீசியம்-137 மூலத்தின் காமா நிறமாலையைப் பதிவு செய்தோம். அது 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்ற ஒரே ஆற்றலில் காமா கதிரை வெளியிடுகிறது என்று படித்திருக்கிறோம். ஆனால் திரையில் 662-இல் எழும் முகட்டுக்குக் கீழே நீண்ட மேடு ஒன்று பரவி, 480-ஐ நெருங்கும்போது சட்டென்று சரிகிறது. 180-ஐ ஒட்டி அதன்மேல் சிறு புடைப்பும் தெரிகிறது. இது கருவியின் கோளாறா, மூலத்தில் வேறு ஏதேனும் கலந்திருக்கிறதா?

படிகம் (கோலாலம்பூர்):
கோளாறும் இல்லை, கலப்பும் இல்லை. காமா கதிர் படிகத்துக்குள் ஓர் எலக்ட்ரானைத் தட்டிவிடுகிறது. அந்த எலக்ட்ரான் அங்கே இழக்கும் ஆற்றலுக்கு ஏற்பப் படிகம் மினுங்க, அந்த ஒளியை ஒளிப்பெருக்கிக் குழாய் மின்துடிப்பாக்கித் தருகிறது. ஆகவே திரையில் நீங்கள் காண்பது படிகத்துக்குள் தங்கிப்போன ஆற்றலின் அளவு.

ஒளிமின் விளைவில் ஃபோட்டான், அதாவது காமா கதிரின் ஒற்றைத் துகள், முழுவதும் உட்கவரப்படுவதால் 662 முழுமையாகப் பதிவாகிறது. அயோடினின் அணு எண் 53 என்பதால் இது கணிசமாக நிகழ்கிறது. ஆயினும் இந்த ஆற்றலில் காம்ப்டன் சிதறலே மிகுதி. அதில் ஃபோட்டான் தன் ஆற்றலில் ஒரு பகுதியை மட்டும் எலக்ட்ரானுக்குக் கொடுத்துவிட்டுத் திசைமாறிப் போகிறது. அது படிகத்தைவிட்டு வெளியேறினால் அந்தப் பகுதி மட்டுமே பதிவாகும். சிதறும் கோணத்திற்கேற்ப அது கூடியும் குறைந்தும் வருவதால்தான் மேடு உண்டாகிறது. ஃபோட்டான் நேர் பின்னோக்கித் திரும்பும்போது எலக்ட்ரான் பெறுவதே உச்ச அளவு, அதாவது 477. ஒரே சிதறலில் அதற்குமேல் கொடுக்க வழியே இல்லாததால் மேடு அங்கே முடிகிறது.

அப்படித் திரும்பும் ஃபோட்டானிடம் மிஞ்சுவது 184. படிகத்தில் படாமல் சுவரிலோ மேசையிலோ பட்டுத் திரும்பி வரும் ஃபோட்டான்களும் ஏறத்தாழ இதே ஆற்றலோடு படிகத்துக்குள் நுழைகின்றன. உங்கள் புடைப்பு அதுதான். 477-ஐயும் 184-ஐயும் கூட்டிப் பாருங்கள், தசமங்களை விட்டதால் வரும் ஒன்றைத் தவிர 662 கிடைத்துவிடும்.

மிண்டன் மாணவி:
மிக்க நன்றி ஐயா. இணை உருவாக்கம் என்று மூன்றாவது வகை ஒன்றும் பாடத்தில் வருகிறதே, அது இங்கு ஏன் தெரியவில்லை?

கருங்கல் மலை (பினாங்கு):
எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் இணையாகப் பிறக்க ஃபோட்டானுக்குக் குறைந்தது 1022 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். சீசியத்திடம் அது இல்லை, தங்கச்சி. மூலத்தை எடுத்துவிட்டு, ஈயக் கவசமும் இல்லாமல், ஓர் இரவு முழுவதும் கருவியை ஓடவிடச் சொல்லி ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். நம் தீவின் பெரும்பகுதி கருங்கல்; அதில் பொட்டாசியமும் தோரியமும் இயல்பாகவே உள்ளன. பொட்டாசியம்-40 தரும் 1461 முகடு தெளிவாக எழும். தோரியத் தொடரின் கடைசியில் வரும் தாலியம்-208 தரும் 2615 முகடும் தெரியும். அது இணை உருவாக்கத்துக்குத் தாராளமாகப் போதும். பாசிட்ரான் அழியும்போது பிறக்கும் இரு 511 ஃபோட்டான்களில் ஒன்று தப்பினால் 2104-இலும், இரண்டும் தப்பினால் 1593-இலும் துணை முகடுகள் தோன்றும். சோடியம் அயோடைடில் இவை மங்கிப்போகலாம். அதன் 662 முகடே சுமார் 7 சதவீத அகலம் கொண்டது. பிரித்தறியும் திறன் மிக்க ஜெர்மேனியம் படிகக் கருவி கிடைத்தால் நன்றாகவே பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இரவில் குளிர்சாதனத்தை அணைத்துவிட்டால் அறை சூடேறி, படிகத்தின் ஒளியும் குழாயின் பெருக்கமும் மாறி, முகடுகள் இடம் நகரும். காலையில் சீசியத்தை மறுபடியும் வைத்து, 662 முகடு பழைய இடத்திலேயே நிற்கிறதா என்று பார்த்த பிறகே மற்ற எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.