வீட்டில் பாடிப் பதிவு செய்ய மைக் தேடியவர்களோடு என் அனுபவங்கள்

தெரிந்தவர்கள் சிலருக்கு வீட்டிலேயே குரல் பதிவு செய்யச் சாமான் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி "எந்த மைக் வாங்கலாம்?" என்பதுதான். "எந்த அறையில் பாடப்போறீங்க?" என்று நான் திருப்பிக் கேட்டால் முகம் சுருங்கிவிடும். கடைக்குப் போகத் தயாராக இருப்பவரிடம் சுவரைப் பற்றிப் பேசினால் யாருக்குத்தான் பிடிக்கும்!

முதலில் நண்பர் ஒருவரின் கதை. நல்ல கனத்த குரல். ஷூர் எஸ்எம்7பி வாங்கிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். அதன் முன்னோடியான எஸ்எம்7, 1982-ல் வந்த மைக்கேல் ஜாக்சன் ஆல்பத்தில் அவர் குரலைப் பதிவு செய்யப் பயன்பட்ட மைக். அந்தப் புகழ் போதாதென்று, இன்று வீடியோவில் பேசுகிற பாதிப் பேர் முன்னால் எஸ்எம்7பி-தான் நீட்டிக்கொண்டிருக்கிறது. நண்பர் அதைத் தன் பழைய சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற பெட்டி) மாட்டியிருக்கிறார். கெயின் குமிழை, அதாவது சிக்னலைப் பெருக்குகிற குமிழை, கடைசி வரை திருகியும் குரல் ஈனஸ்வரத்தில் வந்தது. கூடவே "ஸ்ஸ்ஸ்" என்று இரைச்சல் வேறு. "போலி மைக்கைத் தலையில கட்டிட்டாங்களோ?" என்றார்.

மைக்கில் ஒரு கோளாறும் இல்லை. அது டைனமிக் வகை, குரல் ஒரு சுருளை அசைத்தே மின்சாரம் உண்டாக்குகிற மைக்; அது தருகிற சிக்னலே சன்னமானது. ஒரு பாஸ்கல் ஒலி அழுத்தத்துக்கு 1.12 மில்லிவோல்ட்தான். குறைந்தது 60 டெசிபெல் கெயின் வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்கிறார். நண்பரின் இன்டர்ஃபேஸ் 50-ஐத் தாண்டாது. அதுவும் கடைசிச் சுற்றில் அதன் சொந்த இரைச்சல் மேலே வந்துவிடும். சாதாரணக் கண்டென்சர் மைக்கே (மின்னூட்டம் ஏற்றிய மெல்லிய சவ்வில் குரலைப் பிடிக்கிற வகை) இதைப்போல் பத்து மடங்குக்கு மேல் சிக்னல் தரும் என்பதால் அங்கே இந்தப் பிரச்சினை தலைகாட்டுவதில்லை. மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே மாட்டுகிற சின்ன பூஸ்டர் ஒன்று கிடைக்கிறது. இன்டர்ஃபேஸ் மைக் கேபிள் வழியே அனுப்புகிற 48 வோல்ட் மின்சாரத்தில் (ஃபேன்டம் பவர்) ஓடும், 25 டெசிபெல் அளவுக்குத் தூக்கிக் கொடுக்கும். அதைப் போட்டதும் இரைச்சல் அடங்கியது. ஆக, இந்த மாதிரி மைக்கில் கண் வைத்திருப்பவர்கள் முதலில் தங்கள் இன்டர்ஃபேஸ் எத்தனை டெசிபெல் கெயின் தரும் என்று பார்த்துவிடுங்கள்.

அவருக்கு இன்னொரு நம்பிக்கையும் இருந்தது: "டைனமிக் மைக் அறைச் சத்தத்தை எடுக்காதாமே?" எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு ஒப்புதல் இல்லை. என்னிடமிருந்த கண்டென்சரையும் அவருடைய மைக்கையும் வாயிலிருந்து ஒரே தூரத்தில் வைத்து, பதிவில் குரலின் அளவைச் சமமாக்கிக் கேட்டோம். எதிரொலி இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. டைனமிக் மைக்கில் வாயை ஒட்டிப் பாடுகிறோம், விஷயம் அவ்வளவுதான். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபெல் கூடும்; அறையின் எதிரொலி இருந்த அளவிலேயே நிற்கும். ரொம்ப ஒட்டினாலும் வம்பு. கார்டியாய்டு மைக்கில், அதாவது முன்பக்கத்தை அதிகமாகவும் பின்பக்கத்தைக் குறைவாகவும் கேட்கிற மைக்கில், நெருங்க நெருங்கக் கீழ்ச்சுரங்கள் ஊதிக்கொண்டு வரும். இவர் குரலோ ஏற்கெனவே கனம். ஒரு சாண் தள்ளி நின்றால்தான் சொல் தெளிந்தது.

அண்ணன் மகளுக்கு நேர் எதிரான குரல். மேலே போகப் போகக் கூர்மையாகும். பெரிய டயஃப்ரம் (குரல் பட்டு அதிர்கிற சவ்வு) கண்டென்சர்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். விலை குறைந்த கண்டென்சர்கள் பலவற்றில் 8 முதல் 12 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு இருக்கும். மந்தமான குரலுக்கு அது பளபளப்பு, கூர்மையான குரலுக்கு "ஸ", "ச" வரும்போதெல்லாம் காதில் ஊசி. சொன்னால் நம்பவா போகிறாள்? மூன்று மைக்குகளை இரவல் வாங்கி, அதே பாட்டின் அதே இரண்டு வரிகளை ஒவ்வொன்றிலும் பாட வைத்தேன். அளவைச் சமமாக்கி, ஃபைல்களுக்கு 1, 2, 3 என்று பெயர் வைத்துப் போட்டுக் காட்டினேன். அளவைச் சமமாக்காமல் இந்தச் சோதனை செய்வது வீண். கொஞ்சம் சத்தமாக இருப்பதே நல்ல மைக் என்று காது சொல்லிவிடும்.

கண்ணை மூடிக் கேட்டுவிட்டு இரண்டாவதைக் காட்டினாள். எஸ்எம்58. "சித்தப்பா, இது மேடை மைக்காச்சே!" மேடை மைக்தான், 1966-ல் வந்தது. அவள் குரலின் கூர்மையை அது மழுக்கிக் கொடுத்தது. இன்றும் அதில்தான் பதிவு செய்கிறாள்.

அப்புறம் அறை. எங்கே போனாலும் முதலில் நடுவில் நின்று கை தட்டிப் பார்ப்பேன். "டர்ர்" என்று ஓர் உலோக அதிர்வு தொடர்ந்தால், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி பந்தாடுகிறது என்று அர்த்தம். இதற்கு மெல்லிய ஃபோம் துண்டுகளை வாங்கி மைக்குக்குப் பின்னால் இருக்கிற சுவரில் ஒட்டுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். அதில் இரண்டு சிக்கல். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர், இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஃபோம் மேல்ஒலிகளை மட்டும் தின்றுவிட்டுக் கீழே இருப்பதை அப்படியே விட்டுவிடும். பெட்டிக்குள் இருந்து பாடுவது போலாகும். இரண்டாவது, கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப் பக்கம் காது மந்தம். அது பார்த்துக்கொண்டிருப்பது பாடுகிறவரையும் அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். கனமான போர்வையோ, துணி நிறைந்த திறந்த அலமாரியோ உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். மின்விசிறியை நிறுத்த முடியாவிட்டால் அது, கம்ப்யூட்டர் எல்லாம் மைக்கின் முதுகுப் பக்கம் போகட்டும். நண்பர் வீட்டில் திரும்பி நின்று பாடியதிலேயே பாதி எதிரொலி போய்விட்டது. பூஸ்டருக்கு முன்னால் இதைச் செய்திருக்கலாம் என்று அவர் முணுமுணுத்தது தனிக்கதை.

* * *

எங்கள் வீட்டில் மைக்கைவிட ஹெட்ஃபோன்தான் படுத்தியது. என் கணவர் பாட்டுக் கேட்பதற்காக வைத்திருந்த, சத்தத்தை வெளியே கசியவிடுகிற ஓபன்-பேக் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு பாடுவார். நிசப்தமான இடங்களில் எல்லாம் "டிக் டிக்" என்று தாளம் காட்டுகிற மெட்ரோனோம் பதிவாகியிருக்கும். பதிவுக்குக் காதை முழுக்க மூடுகிற க்ளோஸ்டு-பேக்தான் சரி. சோனி எம்டிஆர்-7506 வாங்கியபின் அந்த டிக் டிக் காணாமல் போயிற்று.

அது தீர்ந்ததும் அடுத்தது: தாளத்தில் பின்தங்குகிறேன் என்று தன்னையே திட்டிக்கொள்வார். பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒரே மூச்சில் சேர்த்து எடுக்கிற ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கை, 512-ல் இருந்தது. நொடிக்கு 48,000 துணுக்குகள் எடுக்கிற 48 கிலோஹெர்ட்ஸில் அது மட்டுமே 10 மில்லிசெகண்டுக்கு மேல். போய் வருவதற்குள் இரட்டிப்பாகும். தன் குரலே தாமதமாகக் காதில் விழுந்தால் யார்தான் தாளத்தில் நிற்பார்கள்? இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பொத்தானை அழுத்தினால் குரல் கம்ப்யூட்டரைச் சுற்றாமல் நேரே காதுக்கு வரும். ஆகவே இன்டர்ஃபேஸ் வாங்கும்போது அந்தப் பொத்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி மைக் வாங்குகிறவர்களுக்கும் இதே பேச்சுதான்: மைக்கிலேயே ஹெட்ஃபோன் துளை இருக்க வேண்டும்.

* * *

கண்டென்சர் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. மழைக்காலத்தில் என் மைக் பாட்டின் நடுவே "பட் பட்" என்று வெடிக்க ஆரம்பித்தது. கேபிளை மாற்றினேன், இன்டர்ஃபேஸை மாற்றினேன், போகவில்லை. கேப்சூலில், அதாவது ஒலியைப் பிடிக்கிற தலைப்பகுதியில், ஈரம் ஏறியிருந்தது. ஈரம் படிந்தால் அதில் தேங்கியிருக்கும் மின்னூட்டம் கசியும், அந்தச் சத்தம்தான் அது. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைத்து, மறுநாள் எடுத்தபோது சுத்தமாக இருந்தது. பாடுகிறவரின் மூச்சும் ஈரம்தானே. மைக்குக்கு முன்னால் மாட்டுகிற வலையான பாப் ஃபில்டர் "ப" வரும்போது வீசுகிற காற்றை மட்டுமல்லாமல் இதையும் ஓரளவு தடுக்கும். மைக்குக்கு நாலு விரல் தள்ளி அதை மாட்டுங்கள், ஒட்டி வைத்தால் பலனில்லை. வேலை முடிந்ததும் மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டுவைக்காமல் டப்பாவில் போட்டுவிடுங்கள். டைனமிக் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.