பிளீச் தண்ணீரில் பெராக்சைடு: நானோத்துகள் நீலம் காட்டவில்லை, ஏன்?

திருப்பூர் லேப்:
வணக்கங்க. பிளீச் செய்த துணியில் பெராக்சைடு மிஞ்சினால் ரியாக்டிவ் சாயம் ஒழுங்காக ஏறாது, ஷேடு வெளிறிவிடும். அதைக் கண்டுபிடிக்க மேக்னடைட் (இரும்பு ஆக்சைடு) நானோத்துகளும், ஆக்சிஜனேற்றமானால் நீலமாகும் டிஎம்பி என்ற நிறமற்ற பொருளும் வைத்துப் பார்க்கிறேன். சுத்தத் தண்ணீரில் பெராக்சைடு கலந்தால் பளிச்சென்று நீலம். மெஷினில் பிடித்த தண்ணீரில் ஒன்றுமே இல்லை. ஆனால் கடையில் வாங்கிய சோதனை ஸ்ட்ரிப், பெராக்சைடு இருக்கிறது என்கிறது. துகள் கெட்டுப்போச்சுங்களா?

பெருந்துறைக்காரர்:
துகளைக் குறை சொல்லாதீங்க தம்பி. பிளீச் பாத்தில் காஸ்டிக் இருக்கு, பிஎச் 10, 11 வரும். 2007-ல் சீனாவின் யான் ஷியூன் குழு, மேக்னடைட், பெராக்சைடை வைத்து டிஎம்பி மாதிரிப் பொருளை ஆக்சிஜனேற்றும் பெராக்சிடேஸ் நொதி போல நடக்கிறது என்று காட்டியபோதே, அது நன்றாக வேலை செய்தது பிஎச் 3.5 பக்கம்தான். பிஎச் 7-ஐத் தொட்டால் அதே துகள் கேட்டலேஸ் என்ற வேறு நொதியின் வேலையில் இறங்கி, பெராக்சைடைத் தண்ணீரும் ஆக்சிஜனுமாக உடைத்துவிடும். டிஎம்பிக்கு என்ன மிஞ்சும்? பிஎச்-ஐ மாறாமல் பிடிக்கிற பஃபர் கரைசல் எவ்வளவு போடறீங்க?

திருப்பூர் லேப்:
அசிட்டேட் பஃபர்ங்ணா, பிஎச் 4, 0.02 மோலார். சரிபாதி கலக்கிறேன். இப்போது பிஎச் காகிதம் நனைத்துப் பார்த்தால் 9 காட்டுது!

கோவை ஆய்வு மாணவி:
அவ்வளவு நீர்த்த பஃபர் காஸ்டிக்கைத் தாங்காதுங்க. அசிட்டிக் அமிலம் சொட்டுவிட்டு மாதிரியை முதலில் 4-க்கு இறக்குங்க. அப்புறம் 0.2 மோலார் பஃபர். பாஸ்பேட் பஃபர் வேண்டவே வேண்டாம், இரும்பு ஆக்சைடின் மேல் ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுக்கும். பாத்தில் போடும் ஸ்டெபிலைசரில் பாஸ்போனேட் இருந்தாலும் இதே தொல்லைதான். அதற்கு ஒரு சோதனை: அதே மாதிரியில் அளவு தெரிந்த பெராக்சைடைக் கொஞ்சம் சேருங்க. அப்போதும் நீலம் வரவில்லை என்றால் ஏதோ தடுக்கிறது என்று அர்த்தம். மிஞ்சின பெராக்சைடை அழிக்கப் போடும் கில்லர் என்ன வகை? தயோசல்பேட் மாதிரி ஒடுக்கி என்றால், வந்த நீலத்தையும் அழித்துவிடும்.

திருப்பூர் லேப்:
கில்லர் போடுவதற்கு முன்பு பிடித்த தண்ணீர்தானுங்க அக்கா. அமிலம் விட்டதும் நீலம் வந்துவிட்டது! ஆனால் முதல் அலசல் தண்ணீரில் மட்டும் மஞ்சளாகப் போகிறது.

கோவை ஆய்வு மாணவி:
பெராக்சைடு அதிகம். டிஎம்பி நீலத்தைத் தாண்டி முழுசாக ஆக்சிஜனேற்றமாகி மஞ்சளாகிறது. பத்து மடங்கு நீர்த்துப் பாருங்க.

பெருந்துறைக்காரர்:
இன்னொன்று தம்பி. அமிலத்தில் இரும்பு கரையவும் செய்யும், கரைந்த இரும்பே நிறம் கொடுக்கலாம். துகளை பஃபரில் கொஞ்ச நேரம் வைத்து, காந்தத்தால் ஒதுக்கிவிட்டு, தெளிந்த நீரில் மட்டும் டிஎம்பியும் பெராக்சைடும் விடுங்க. நீலம் வந்தால் அது துகள் செய்த வேலை இல்லை.