மரக்கட்டை போட்ட .22 போல்ட் ரைபிள்: நம்ம ஊர் ஈரத்துக்கு எதை நம்பி வாங்குவது?

பொருநைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம். மூன்று வருஷமாக கிளப் ரைபிளில் 50 மீட்டர் சுட்டுக்கொண்டிருக்கிறேன். போன மாதம் சொந்த உரிமம் கைக்கு வந்தது. மரக்கட்டை போட்ட நல்ல .22 போல்ட் ஆக்‌ஷன் (போல்ட்டைக் கையால் இழுத்து ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றுவது) ரைபிள் ஒன்று வாங்க ஆசை. முன்னால் மூன்று வழி இருக்கிறது. தென்காசிப் பக்கம் ஒரு பெரியவரிடம் பழைய பிர்னோ மாடல் 2 இருக்கிறது. செக்கோஸ்லோவாகியா ஒரே நாடாக இருந்த காலத்துச் சரக்கு, வால்நட் கட்டை, ஐந்து தோட்டா மேகசின். இல்லாவிட்டால் நம் அரசுத் தொழிற்சாலை செய்யும் .22 ஸ்போர்ட்டிங் ரைபிளைப் புதிதாக வாங்கலாம். அதுவும் இல்லை என்றால், போட்டிகளில் தகுதி மதிப்பெண் எடுத்து, இறக்குமதி அனுமதி வாங்கி, செக் நாட்டு சி.இசட். 457 அல்லது ஜெர்மன் ஆன்ஷூட்ஸ் ரைபிள் என்று போகலாம். அதற்கு எத்தனை வருஷம் பிடிக்குமோ. பிர்னோவைக் கையில் எடுத்த நிமிஷமே மனசு அதில் ஒட்டிக்கொண்டது. அதனால்தான் கேட்கிறேன், என்னை எதிர்த்துப் பேசுகிறவர்கள் தாராளமாகப் பேசுங்கள்.

ஜங்ஷன்வாசி:
அண்ணாச்சி, மரமே வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 மழை உங்களுக்குத் தெரியும். தாமிரபரணி கரை மீறி திருநெல்வேலி ஜங்ஷன் முழுக்கத் தண்ணீர். எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்கு நின்றது. ரைபிள் உயரமான அலமாரியில் உறைக்குள் இருந்தது, ஒரு சொட்டுக்கூட நேராகப் படவில்லை. ஆனால் நாலு நாள் கரண்ட் இல்லை, சுவரெல்லாம் ஈரம். ஒரு வாரம் கழித்து உறையைப் பிரித்தேன். அதுவரை பத்து ரூபாய் நோட்டு குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே தடையில்லாமல் ஓடும். அன்றைக்கு இடது பக்கம் நோட்டின் ஓரம்கூட நுழையவில்லை. கட்டை ஊதி, குழலை வலது பக்கம் நெட்டிக்கொண்டிருந்தது. 50 மீட்டரில் குண்டெல்லாம் வலது பக்கம் நாலு செ.மீ. தள்ளி விழுந்தது. நம் இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான். நிழலில் காயவைத்து அது பழைய நிலைக்கு வர மூன்று மாதம் ஆனது. பாலிமர் கட்டையாக இருந்திருந்தால் துடைத்துவிட்டு மறுநாளே சுட்டிருப்பேன்.

இழைப்புளி:
நான் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் பதினெட்டு வருஷம் கட்டை வேலை பார்த்தவன். ஜங்ஷன் தம்பி, உங்கள் ரைபிளின் பட் பிளேட்டை, அதாவது தோளில் படும் பின்தகட்டை, எப்போதாவது கழற்றிப் பார்த்தீர்களா? வெளியே கண்ணாடி மாதிரி மினுங்கும். உள்ளே, பட் பிளேட்டுக்கு அடியில், மேகசின் குழியில், ரிசீவர் (போல்ட் ஓடும் இரும்புக் கூடு) உட்காரும் இடத்தில் வெறும் மரம் அப்படியே இருக்கும். நான் கழற்றிய பழைய ரைபிள்களில் பெரும்பாலானவை இப்படித்தான். வைக்கோல் கட்டைக் குறுக்கே அரிந்தால் குழாய் வாய்கள் தெரியுமே, மரத்தின் வெட்டு முகமும் அப்படித்தான். ஈரக்காற்று அங்கேதான் புகுகிறது. மரம் நீளவாக்கில் அநேகமாக நீளாது, அகலவாக்கில் ஊதும். முன்கட்டையின் சுவர் ஒரு பக்கம் ஊதினால் குழலைத் தொடத்தான் செய்யும்.

ஆளிவிதை எண்ணெய் பூசினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அழகு தரும், நீராவியை நிறுத்தாது. உள்பக்கத்தை பாலியூரிதேன் வார்னிஷால் மூட வேண்டும். ரிசீவர் உட்காரும் இடத்தில் அது அசையாமல் பொருந்த எபாக்சி பசையால் படுகை போட வேண்டும். இரண்டும் செய்த வால்நட் கட்டை குற்றாலச் சாரலில் ஆனி, ஆடி முழுக்க இருந்தாலும் அசையாது. என் கையால் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஜங்ஷன்வாசி:
சரி, ஒப்புக்கொள்கிறேன், என் கட்டையின் உள்பக்கம் மூடப்படவில்லை. ஆனால் புதிதாக வாங்குகிறவர் ஏன் இத்தனை வேலை பார்க்க வேண்டும்? ரைபிள் என்றால் குண்டைப் போட்ட இடத்தில் போடுவது. கட்டையின் அழகுக்காக அதில் விட்டுக்கொடுக்க முடியாது. ரிம்ஃபயரில், அதாவது விளிம்பில் அடித்து வெடிக்கும் .22 மாதிரித் தோட்டாவில், இது இன்னும் முக்கியம். குண்டு மெதுவாகப் போகிறது, குழலுக்குள் இருக்கும் நேரம் அதிகம். அந்த நேரத்தில் குழலை எது தொட்டாலும் இலக்கில் தெரிந்துவிடும்.

பாளை மைதானம்:
என்.சி.சி.யில் பல வருஷம் பையன்களுக்கு .22 சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எல்லாம் மரக்கட்டைதான். கார்த்திகை மழையிலும் சுட்டோம், பங்குனி வெயிலிலும் சுட்டோம். என் ஓட்டு அரசுத் தொழிற்சாலை ரைபிளுக்கு. காரணம் எளிது: புதிய குழல், அதற்குள் யாருடைய பழைய தவறும் இல்லை, உதிரிப் பாகத்துக்கு அலைய வேண்டாம். பிர்னோவின் மேகசின் ஒன்று தொலைந்தால் அண்ணாச்சி எங்கே போவார்? சுட்ட தோட்டாக் கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி, அந்த எக்ஸ்ட்ராக்டர் உடைந்தால்? வெளிநாட்டுத் துப்பாக்கிகளின் பொது இறக்குமதி 1980களின் நடுவிலேயே நின்றுவிட்டது. இங்கே இருப்பதெல்லாம் அதற்கு முன் வந்தவை. வயதைக் கணக்கில் எடுங்கள்.

மூன்று நிலை:
நான் 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவில் சுடுகிறவள். படுத்து, மண்டியிட்டு, நின்று. எல்லாரும் மரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், உடம்பைப் பற்றி யாரும் பேசவில்லை. பாளை சாரின் ரைபிளை நான் மறுப்பது கட்டையால் இல்லை, விசையால். நான் கையில் எடுத்தவற்றில் விசை கனமாக இருந்தது, விடுபடும் இடத்தில் சொரசொரப்பு. பொறுமையான ஆள் கையில் அது சரியாகலாம், ஆனால் கற்றுக்கொள்ளும் விரல் அதோடு போராடக்கூடாது. சி.இசட். 457இல் விசையின் கனத்தைத் திருகி மாற்றலாம். போல்ட்டை 60 டிகிரி தூக்கினால் போதும், முந்தைய 455இல் 90. ஸ்கோப் போட்டால் கை இடிக்காது.

அப்புறம் பிர்னோ. அந்தக் கட்டையின் கன்னம் வைக்கும் இடம் தாழ்வு. இரும்புக் குறிகளைப் பார்க்கவென்று செதுக்கியது அது. ஸ்கோப் மாட்டினால் கன்னம் கட்டையை விட்டுத் தூக்கிக்கொள்ளும், தலை மிதக்கும், ஒவ்வொரு குண்டுக்கும் கண் வேறு இடத்தில் நிற்கும். 457 லக்ஸ் மாடலுக்கும் இதே குறைதான். பொருநைக்கரை அண்ணன் ஸ்கோப் போடப் போகிறாரா, இரும்புக் குறியா என்று முதலில் சொல்லட்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே இதே மூன்று நிலைப் பிரிவில் வெண்கலம் வாங்கியதிலிருந்து எங்கள் கிளப்புக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: ரைபிள் உன் உடம்புக்குப் பொருந்த வேண்டும், நீ ரைபிளுக்காக வளையக்கூடாது.

பொருநைக்கரை:
இரும்புக் குறிதான் தங்கச்சி. ஸ்கோப் இப்போதைக்கு இல்லை. நீங்கள் சொன்ன கன்ன விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி.
இழைப்புளி அண்ணாச்சி, பிர்னோ கட்டை ரொம்பக் கெட்டிருந்தால் நம்ம ஊர்த் தேக்கில் புதுக்கட்டை செய்யலாமா? எங்கள் தெருவில் நல்ல ஆசாரி இருக்கிறார்.

இழைப்புளி:
தேக்கு ஈரத்துக்கு வால்நட்டைவிட நல்லதுதான். .22க்கு உதைப்பும் கிடையாது. ஆனால் தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, எபாக்சி லேசில் பிடிக்காது. படுகை போடும் முன் அசிட்டோனால் நன்றாகத் துடைத்தாக வேண்டும். கனமும் கூடலாம். வேங்கையை நினைக்கவே வேண்டாம், ஈரம் பட்டால் சாயம் விடும். இன்னொன்று: ரைபிளை எடுத்துக்கொண்டு போய்த் தெரு ஆசாரியிடம் கொடுக்கக்கூடாது. ஆயுதச் சட்டம் 1959, ஐந்தாம் பிரிவுப்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் மாற்றவும் தனி உரிமம் வேண்டும். ஆசாரி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், இரும்பு பொருத்துவது உரிமம் உள்ள கடையில்தான்.

இருக்கிற கட்டையைப் பார்க்கும்போது கழுத்தைப் பாருங்கள், கை பிடிக்கும் ஒடுங்கிய இடம். மரத்தின் ரேகை அங்கே கழுத்தோடு நேராக ஓட வேண்டும். குறுக்கே சரிந்து ஓடினால் ஒருநாள் கீழே சாய்ந்து விழும்போது அங்கேதான் முறியும். பின்கட்டையில் சுழிசுழியாக அழகு இருக்கலாம், கழுத்தில் கூடாது. விலை சொல்கிறவர் பின்கட்டையைத்தான் காட்டுவார்.

வயக்காட்டான்:
நடுவில் ஒரு கேள்வி. களக்காடு பக்கம் மலையடிவாரத்தில் எனக்கு வாழைத் தோட்டம். இதே .22ஐ வைத்துப் பன்றி விரட்ட உதவுமா?

பாளை மைதானம்:
கூடாது தம்பி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 இருக்கிறது, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் பக்கத்திலேயே இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், .22 குண்டு 2.6 கிராம். பன்றியைக் காயப்படுத்தித் துடிக்க விடும், அவ்வளவுதான். இலக்கு ரைபிள் இலக்குக்கு மட்டும். வாழை நாசமாவது எனக்கும் வலிக்கிறது, ஆனால் அதற்கு வனத்துறையிடம்தான் போக வேண்டும்.

ஜங்ஷன்வாசி:
அண்ணாச்சி பிர்னோவைத்தான் எடுப்பார் என்று தெரிகிறது. அப்படியானால் சோதித்துவிட்டு எடுங்கள். நோட்டு ஓட்டிப் பார்ப்பது மட்டும் போதாது.

இழைப்புளி:
இதில் தம்பியோடு முழுக்க ஒத்துப்போகிறேன். மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துவிட்டு, ரைபிளை நெட்டாக நிறுத்துங்கள். முன்கட்டையின் நுனியும் குழலும் சேரும் இடத்தில் இரண்டையும் தொட்டபடி ஒரு விரல் வையுங்கள். மற்ற கையால் ரிசீவரின் முன் திருகை மெல்லத் தளர்த்துங்கள், அப்புறம் இறுக்குங்கள். விரலுக்குக் கீழே குழல் எழும்பி அமர்வது தெரிந்தால் ரிசீவர் கட்டையில் வளைந்து உட்கார்ந்திருக்கிறது, படுகை வேலை கட்டாயம். ஒன்றும் அசையாவிட்டால் நல்ல பொருத்தம். சில ரைபிள்களில் முன்கட்டையிலேயே குழலைப் பிடிக்கும் தனித் திருகு உண்டு. அங்கே நோட்டு போகாது, அது குறையல்ல.

அப்புறம் குழல் வாயைப் பாருங்கள். ரிம்ஃபயர் குழல்களைச் சுட்டுத் தேய்த்தவர்களைவிட, வாய்ப்பக்கமாகக் கம்பி விட்டுத் துடைத்துத் தேய்த்தவர்கள்தான் அதிகம்.

மூன்று நிலை:
சுட்டுப் பார்க்கும்போது ஒரே வகைத் தோட்டாவோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு குழலுக்கும் ஒன்று பிடிக்கும். மெதுவாகப் போகும் வகையையே எடுங்கள், நொடிக்கு 330 மீட்டர் அளவில். ஒலியின் வேகம் நம் வெயிலில் 350க்கு வந்துவிடும், அதனால் குண்டு ஒலிக்குக் கீழேயே நிற்கும். வேகமான வகை ஒலிக்கு மேலே கிளம்பி, போகிற வழியில் கீழே இறங்கும்போது தள்ளாடும்.

பொருநைக்கரை:
போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அந்தப் பெரியவர் ரைபிளைப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைத்திருந்தார். கழுத்தில் ரேகை நேராக ஓடுகிறது. ரிசீவர் வாலுக்குப் பின்னால் ஒரு மயிரிழை விரிசல், விரலுக்குத் தட்டுப்படவில்லை, சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரிகிறது. முன் திருகைத் தளர்த்தியபோது குழல் எழும்பியது, லேசாக, ஆனால் நிச்சயமாக. பட் பிளேட்டைக் கழற்றினால் வெறும் மரம், இழைப்புளி அண்ணாச்சி சொன்னது அப்படியே. குழல் வாய் சுத்தமாக இருந்தது. அவர் எப்போதும் போல்ட்டை உருவிவிட்டுப் பின்பக்கமாகத்தான் துடைப்பாராம்.

போன ஞாயிறு அவரே கிளப்புக்குக் கொண்டுவந்து மூன்று வகைத் தோட்டாவில் சுட்டுக் காட்டினார். ஒரு வகையில் ஐந்து குண்டும் 50 மீட்டரில் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கியது. மற்ற இரண்டிலும் சிதறல். எழுபது வயதுக் கண், இரும்புக் குறி.

எடுத்துக்கொள்கிறேன். அவர் முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டார், 45 நாள் கழித்துத்தான் கை மாற்ற முடியும். கைக்கு வந்ததும் முதல் வேலை படுகையும் உள்பூச்சும், கடையில் பேசி வைத்துவிட்டேன். பாளை சார் சொன்னதற்காக அவரிடமிருந்த இரண்டாவது மேகசினையும் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

பாளை மைதானம்:
மேகசின் இரண்டு என்றால் என் மறுப்பில் பாதி போயிற்று. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது, அந்த எக்ஸ்ட்ராக்டரை மறக்காமல் பாருங்கள்.

ஜங்ஷன்வாசி:
விரிசலோடு எடுக்கிறீர்கள், எனக்குச் சம்மதமில்லை. இருந்தாலும் வாழ்த்துகள் அண்ணாச்சி. இப்போது புரட்டாசி. படுகை போட்டதும் ஒருமுறை நோட்டு ஓட்டி அளந்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை கழிந்து தை பிறந்ததும் அதே நோட்டை மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.