தவக்காலச் செபச் செயலி: நினைவூட்டல் ஒலிப்பதில்லை, மனமும் ஒன்றுவதில்லை

தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை தினமும் மின்சார ரயிலில் போகிறேன். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று ஒரு செபச் செயலியைப் பதிவிறக்கினேன். ஆண்ட்ராய்டு போன்தான். இரவு ஒன்பதரைக்கு வைத்த நினைவூட்டல் சில நாள் ஒலிக்கிறது, சில நாள் ஒலிப்பதே இல்லை. ரயிலில் ஒலிப்பதிவு பாதியில் நின்றுவிடுகிறது. செபத்தின் நடுவே வாட்ஸ்அப் எட்டிப் பார்க்கிறது. எல்லாவற்றையும்விட, குரல் காதில் விழுகிறதே தவிர நான் செபிக்கிறேனா என்றே தெரியவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் – கணினிப் பணியாளர்

தம்பி, முதல் மூன்றும் போனின் வேலை. நெடுநேரம் திறக்காத செயலியை பேட்டரி சேமிப்பு முடக்கிவிடும். நினைவூட்டலும் அதோடு போய்விடும். அமைப்புகளில் அந்தச் செயலிக்குள் போய், பேட்டரி என்ற இடத்தில் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள். மறுநாளுக்கான ஒலிப்பதிவை இரவே வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பை அடக்க ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ வசதி போதும். அம்மா, மனைவி எண்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்துவிட்டால் அவசர அழைப்பு தவறாது.

பதில் – ஓய்வுபெற்ற ஆசிரியர்

செயலியே எதற்கு? வீட்டில் திருவிவிலியம் இல்லையா? நாங்கள் எல்லாம் செபமாலையோடுதான் தவக்காலத்தைக் கழித்தோம்.

பதில் – மறைக்கல்வி ஆசிரியை

ஐயா, காலை நெரிசலில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும்போது திருவிவிலியத்தை எப்படி விரிப்பது? அங்கே காதொலி நல்ல துணைதான். இரவுக்கு நீங்கள் சொல்வதை ஏற்கிறேன்.

தம்பி, உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். கேட்பது முதல் படி மட்டுமே. இரண்டாம் கீகோ என்ற கார்த்தூசியன் சபைத் துறவி 12ஆம் நூற்றாண்டிலேயே இறைவார்த்தைச் செபத்தை நான்கு படிகளாக எழுதி வைத்தார்: வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், பிறகு இறைவன் முன் சும்மா இருத்தல். செயலி முதல் படியை நன்றாகவே செய்கிறது. மற்ற மூன்றுக்கும் நீங்கள்தான் நிறுத்தும் பொத்தானைத் தொட வேண்டும்.

ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வரும். 2026 தவக்காலத்தில் முதல் ஆண்டு வாசகங்கள். வரும் மார்ச் 8, தவக்காலம் மூன்றாம் ஞாயிறு, கிணற்றடியில் இயேசுவைச் சந்தித்த சமாரியப் பெண்ணின் நற்செய்தி. யோவான் 4:5–42 நீண்ட பகுதி. செயலி ஒரே மூச்சில் வாசித்து முடித்துவிடும். ரயிலில் முழுவதையும் கேளுங்கள். இரவில் 28ஆம் வசனத்தை மட்டும் எடுங்கள். தண்ணீர் எடுக்க வந்தவள் குடத்தைக் கிணற்றடியிலேயே விட்டுவிட்டு ஊருக்குள் போகிறாள். உச்சி வெயிலில் சுமந்து வந்த குடம் அது! நான் எதை இன்னும் இடுப்பில் வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள். விடை வந்தால் அதையே மன்றாட்டாகச் சொல்லுங்கள். அதற்குள் போனைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.

கேட்டவர்

நன்றி அக்கா. நினைவூட்டல் சரியாகிவிட்டது அண்ணா. இன்னொன்று: தொடர்ந்து எத்தனை நாள் செபித்தேன் என்று செயலி கணக்குக் காட்டுகிறது. ஒரு நாள் விட்டால் பூஜ்யத்துக்குப் போய்விடுகிறது. நண்பர்கள் அதை ஸ்டேட்டஸில் போடுகிறார்கள். மனது உறுத்துகிறது.

பதில் – மறைக்கல்வி ஆசிரியை

அந்தக் கணக்கை மறைக்க வழி இருந்தால் மறைத்துவிடுங்கள். திருநீற்றுப் புதனன்று வாசித்த மத்தேயு 6ஆம் அதிகாரம் உள்ளறைக்குப் போய்க் கதவை அடைக்கச் சொல்கிறது. ஸ்டேட்டஸ் போடச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை, இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் சிலுவைப்பாதைக்கு முடிந்தவரை கோவிலுக்கே போங்கள். பதினான்கு நிலைகளிலும் எழுந்து முழந்தாளிடும்போது உடம்பும் சேர்ந்து செபிக்கும். வேலை தாமதமாகும் வெள்ளியன்று செயலியில் உள்ள சிலுவைப்பாதை போதும்.

பதில் – ஓய்வுபெற்ற ஆசிரியர்

தம்பி, அந்தச் செயலியில் எழுத்தைப் பெரிதாக்க முடியுமா? என் பேரனிடம் சொல்லிப் போட வைக்கலாமா என்று பார்க்கிறேன்.