புற்றுநோயாளிக்குப் பேச்சுத்துணையாகப் போவது: என்ன கதைப்பது?

உப்புவெளித் தங்கச்சி:
திருகோணமலையில் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்களின் வீடுகளுக்குப் பேச்சுத்துணையாகப் போகச் சேர்ந்திருக்கிறேன். முதலில் அன்புவழிபுரத்தில் ஒரு அம்மா. வருத்தத்தைப் பற்றிக் கேட்கலாமா?

நிலாவெளி அக்கா:
கட்டாயம் போங்கள் தங்கச்சி. நானும் போகிறேன். வருத்தத்தை நீங்களாகத் தொடங்க வேண்டாம். அவ தொடங்கினால் முழுசாகக் கேளுங்கள். "எல்லாம் சுகமாகிடும்" என்று இடையில் சொன்னால் அதோடு கதை நின்றுவிடும். நான் போகும் வீட்டு அம்மா, கொழும்புப் பக்கம் மகரகம புற்றுநோய் ஆசுபத்திரிக்குப் போகும் பஸ் பயணத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவா. இரவிரவாகப் போய், மருந்து ஏற்றி, மடியில் பொலித்தீன் பையோடு திரும்பி வருவது. வீட்டில் சொன்னால் பிள்ளைகள் அழுகிறார்களாம்.

அப்புறம், மீன் பொரியல் கொண்டு போகாதீர்கள். கீமோ (புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்து) நாட்களில் அந்த மணமே குமட்டும்.

ஓய்வுபெற்ற தாதி:
உங்களுக்குத் தடிமன், காய்ச்சல் என்றால் போகவே வேண்டாம். கீமோவால் வெள்ளை அணுக்கள் குறையும், சின்னத் தொற்றும் ஆபத்து. அவவுக்குக் காய்ச்சல் கண்டால் பனடோலோடு விடாமல் உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கைமருந்து எதுவும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

உப்புவெளித் தங்கச்சி:
சரி. போகும்போது அவ நித்திரை என்றால்?

நிலாவெளி அக்கா:
எழுப்ப வேண்டாம். பார்க்கிற மகளோடு இருந்து கதையுங்கள், அந்தப் பிள்ளையையும் ஒருத்தரும் விசாரிப்பதில்லை.