மறு: டயர் உரசலுக்குக் கலைச்சொல் ('உராய்வு' வேண்டாம்)

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> தாழ்த்திய காரில் பெரிய சக்கரம் மாட்டும்போது டயர் மட்கார்டில் படுவதை 'டயர் உராய்வு' என்று எழுதலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. உராய்வு பள்ளி இயற்பியலிலேயே நிலைபெற்றுவிட்ட சொல். சாலைக்கும் டயருக்கும் இடையே உராய்வு இருப்பதால்தான் கார் நிற்கிறது, திரும்புகிறது. ஸ்போர்ட்ஸ் காருக்கு அகல டயர் வாங்குகிறவர் பிடிமானத்தைத் தேடித்தான் வாங்குகிறார். அவரிடம் போய் 'உராய்வைக் குறைப்பது எப்படி' என்று தலைப்பு வைத்தால் எதிர்த் திசையில் அனுப்பியதாகிவிடும். பட்டறையில் எல்லோரும் 'டயர் உரசுது' என்றுதான் சொல்கிறார்கள். உரசல் என்றே வைத்துக்கொள்வோம்.

ஆனால் அந்த ஒரு சொல்லோடு நின்றால் பயனில்லை. எங்கே உரசுகிறது என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறுகிறது. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றை மோசமாக்கும். அதனால் சொல்லிலேயே இடம் தெரிய வேண்டும்.

2012-இல் வந்த டொயோட்டா 86-ஐ எடுத்துக்கொள்வோம். 17 அங்குல ரிம், 7 அங்குல அகலம், 215/45 டயர் (215 மில்லிமீட்டர் அகலம், பக்கச்சுவரின் உயரம் அதில் 45 சதவீதம்). இதில் பலர் 18 அங்குலத்தில் 9.5 அங்குல அகல ரிம்மும் 245/40 டயரும் மாட்டுகிறார்கள். டயரின் விட்டம் ஏறத்தாழ 625 மில்லிமீட்டரிலிருந்து 653-க்குப் போகிறது. அதாவது ஆரம் 14 மில்லிமீட்டர் கூடுகிறது. காரையும் 30 மில்லிமீட்டர் தாழ்த்தினால் மட்கார்டுக்குக் கீழே இருந்த இடைவெளி இரண்டு பக்கமும் தின்னப்படுகிறது. அப்புறம் அகலக் கணக்கு. பழைய ரிம்மில் 'ஈடி 48' என்று பொறித்திருக்கும். புதியது 'ஈடி 38' என்றால், ரிம்மின் வெளி ஓரம் சுமார் 42 மில்லிமீட்டர் வெளியே வரும், உள் ஓரம் சுமார் 22 மில்லிமீட்டர் உள்ளே போகும். இரண்டு பக்கமும் இடித்தால் வியப்பில்லை.

இந்த 'ஈடி'க்கு வருவோம். ஆங்கிலத்தில் ஆஃப்செட். அச்சுத்துறையில் இருக்கும் 'மறுதோன்றி'யை இங்கேயும் ஒட்டலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது அச்சு விழும் முறையைச் சொல்வது, இங்கே பொருந்தாது. ஈடி என்பது ஜெர்மன் மொழியின் 'ஐன்பிரெஸ்டீஃப' என்பதன் சுருக்கம், உள்ளே அழுத்திய ஆழம் என்று பொருள். ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் (சக்கரத்தைப் பூட்டும் அச்சுமுனையில்) பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதுதான் அளவு. 'திட்ட விலக்கம்' என்று புள்ளியியலில் பழகிய விலக்கம் இருக்கிறதே, அதைக்கொண்டு 'நடுவிலக்கம்' என்று சொல்லலாம். நடுவிலக்கம் குறைந்தால் சக்கரம் வெளியே வரும், கூடினால் உள்ளே போகும்.

சரி, உரசலுக்குத் திரும்புகிறேன். நான் முன்வைப்பது மூன்று.

பள்ளத்தில் இறங்கும்போதோ பின்சீட்டில் ஆள் ஏறும்போதோ மட்கார்டின் உள்மடிந்த தகர விளிம்பு டயரின் தோளை அறுப்பது விளிம்புரசல். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது சக்கரக்குழியின் பிளாஸ்டிக் உறையில் படுவது திருப்புரசல். ஸ்ட்ரட்டிலோ (சக்கரத்துக்கு உட்பக்கம் நிற்கும் ஷாக் அப்சார்பர் தூண்) ஸ்பிரிங்கிலோ டயரின் உள்சுவர் படுவது உள்ளுரசல். கடைசியது நேர்ச்சாலையில்கூட விடாமல் தேய்க்கும். பக்கச்சுவரைத் தின்றுவிடும் என்பதால் மூன்றிலும் அபாயமானது அதுதான். ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையே ஸ்பேசர் என்ற தட்டைப் போட்டால் சக்கரம் வெளியே தள்ளும், உள்ளுரசல் தீரும். அதே ஸ்பேசர் விளிம்புரசலைக் கூட்டும். வெறுமனே 'டயர் உரசினால் ஸ்பேசர் போடுங்கள்' என்று தமிழில் எழுதிவைத்தால் யாராவது ஒருவர் டயரை இழப்பார். திருப்புரசலுக்குப் பெரும்பாலும் உறையைச் சூடாக்கி உள்ளே தள்ளினாலோ கொஞ்சம் வெட்டினாலோ போதும்.

> கேம்பருக்கு 'எதிர்மறைச் சாய்வு', 'நேர்மறைச் சாய்வு' என்று போடலாமே?

கேம்பர் என்பது காரை முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு. அதைவிட உட்சாய்வு, வெளிச்சாய்வு என்றால் விளக்கமே தேவைப்படாது. சக்கரத்தின் உச்சி காரை நோக்கிச் சாய்ந்தால் உட்சாய்வு. இந்த அளவு டயரில் 1 பாகை உட்சாய்வு கூட்டினால், சக்கர நடுவோடு ஒப்பிட உச்சி ஐந்தரை மில்லிமீட்டர்போல உள்ளே போகும். விளிம்புரசலுக்கு அது பெரிய உதவி. இங்கேயும் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தக் காரின் முன்பக்கம் ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷன். கீழே உள்ள கேம்பர் போல்ட்டால் சாய்த்தால் சக்கரம் ஸ்ட்ரட்டை நெருங்கும், உள்ளுரசல் வரலாம். மேலே கேம்பர் பிளேட்டால் சாய்த்தால் ஸ்ட்ரட்டும் சேர்ந்தே சாயும், இடைவெளி மாறாது. அளவுக்கு மீறிச் சாய்த்தால் டயரின் உள்விளிம்பு மட்டும் சீக்கிரம் தேயும், பிரேக் பிடிக்கும்போது பிடிமானமும் குறையும்.

ஜப்பானியரின் சொற்களைப் பாருங்கள். கார் தாழ்த்தும் கலை அங்கே செழித்ததால் சொற்களும் பட்டறையிலேயே பிறந்தன. மட்கார்டின் உள்மடிப்புக்கு 'த்ஸுமே', அதாவது நகம். அதை மேல்நோக்கி மடக்குவது 'த்ஸுமேஒரி', நகம் மடித்தல். டயரும் மட்கார்டும் ஒரே தளத்தில் நிற்பது 'த்ஸுராஇச்சி'. தச்சர்கள் இரண்டு பலகையின் முகம் சமமாக இருப்பதைச் சொல்லும் சொல் அது. எவ்வளவு அழகாக எடுத்திருக்கிறார்கள்! நாமும் கையில் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். 'மட்கார்டு விளிம்புச் சுருட்டல்' என்று வந்த பரிந்துரையில் எனக்கு உடன்பாடில்லை. தகரம் சுருளுவதில்லை, ஹப்பில் பூட்டிய உருளையால் அழுத்த, மடிந்து படிகிறது. 'விளிம்பு மடிப்பு' போதும். அதற்கு முன் ஹீட் கன்னால் பெயின்ட்டைச் சூடாக்கி இளக்க வேண்டும் என்பதையும் விளக்கக் குறிப்பில் சேர்க்க விரும்புகிறேன். குளிர்ந்த பெயின்ட் வெடிக்கும், வெடிப்பில் துரு ஏறும்.

மட்கார்டு, ஸ்பேசர், ஸ்ட்ரட் மூன்றையும் அப்படியே விடலாம். 'சேற்றுத்தடுப்பு' என்று எழுதினால் டிங்கர் வேலை செய்யும் எந்த அண்ணனுக்கும் புரியாது.

மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே சொல்லுங்கள். இல்லையென்றால் விளிம்புரசல், திருப்புரசல், உள்ளுரசல், நடுவிலக்கம், உட்சாய்வு, வெளிச்சாய்வு, விளிம்பு மடிப்பு ஆகியவற்றை விளக்கத்தோடு விக்சனரியில் ஏற்றலாம்.