டிபிஎம் சிப் இருக்கிறது, ஐஎம்ஏ மட்டும் இல்லை என்கிறது. ஏன்?

கேள்வி

ஆர்ம் போர்டு ஒன்றில் எஸ்பிஐ (சிப்களை இணைக்கும் ஒரு சீரியல் பஸ்) வழியாக டிபிஎம் 2.0 சிப் (பாதுகாப்புச் சிப்) இணைத்திருக்கிறேன். லினக்ஸ் பூட் ஆன பிறகு சிப் ஒழுங்காக வேலை செய்கிறது, அதன் பிசிஆர் (அளவீடுகளைச் சேர்த்துவைக்கும் ரெஜிஸ்டர்) எல்லாம் படிக்க முடிகிறது. ஆனால் கெர்னல் லாகில் 1.84-வது விநாடியிலேயே ‘டிபிஎம் சிப் இல்லை, பைபாஸ்’ என்று ஐஎம்ஏ (ஃபைல்களை அளந்து டிபிஎம்மில் பதியும் கெர்னல் பகுதி) எழுதிவிடுகிறது. டிரைவர் சிப்பைக் கண்டுபிடிப்பது 2.11-இல். பூட் அக்ரிகேட் (பூட் கட்டப் பிசிஆர்களின் மொத்த ஹாஷ்) வரியில் ஹாஷ் முழுக்கச் சுழியம். எல்லா டிரைவர்களும் கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன, எதுவும் மாட்யூல் இல்லை.

பதில் 1

கெர்னல் கமாண்ட் லைனில் இனிட்கால் டீபக் (initcall_debug) போட்டு ஒருமுறை பூட் செய்யுங்கள். இனிட்கால் என்பது பூட்டின்போது கட்டம் கட்டமாக ஓடும் தொடக்க ஃபங்ஷன். எந்த டிவைஸின் ப்ரோப் (டிரைவர் அதைத் தொடங்கிவைக்கும் முயற்சி) 517 என்று திரும்புகிறது என்று பாருங்கள்.

கேட்டவர்

எஸ்பிஐ கன்ட்ரோலர்தான் 517. டிபிஎம் பெயரே அந்த இடத்தில் வரவில்லை.

பதில் 2

அப்படியானால் டிபிஎம் டிரைவரைத் தொடாதீர்கள். நான் இதே நிலையில் இரண்டு நாள் அந்த டிரைவரையே குடைந்துகொண்டிருந்தேன். தவறு அங்கே இல்லவே இல்லை.

517 என்றால் ‘எனக்குத் தேவையானது இன்னும் வரவில்லை, பிறகு கூப்பிடு’ என்று பொருள். அந்தப் ‘பிறகு’ எப்போது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒத்திவைத்த ப்ரோப்களைக் கெர்னல் உடனே திரும்ப முயல்வதில்லை. கடைசியில் வரும் லேட் இனிட்கால் கட்டத்தில்தான் முதல்முறை முயல்கிறது. ஐஎம்ஏ தொடங்குவதும் அதே கட்டம். ஒரே கட்டத்துக்குள் எது முன், எது பின் என்பதை லிங்க் வரிசை (கெர்னலைக் கட்டும்போது கோடு சேர்க்கப்படும் வரிசை) முடிவு செய்கிறது. அதில் ஐஎம்ஏ இருக்கும் செக்யூரிட்டி டைரக்டரி டிரைவர்ஸுக்கு முன்னால் வருகிறது. அதனால் ஒருமுறை ஒத்திப்போன எதுவும் ஐஎம்ஏ கண்ணில் படாது. ஐஎம்ஏ மறுபடி தேடவும் தேடாது. அடுத்த ரீபூட் வரை பிசிஆர் 10-இல் ஒரு அளவீடும் ஏறாது. ரிமோட் அட்டஸ்டேஷன் (கருவியின் நம்பகத்தை வெளியிலிருந்து சரிபார்ப்பது) நம்பி நிற்பதே அந்தப் பிசிஆரைத்தான், ஆகவே இதை வெறும் எச்சரிக்கை வரி என்று விட்டுவிடாதீர்கள்.

சரி, எஸ்பிஐ எதற்காகக் காத்திருக்கிறது? டிவைஸ் ட்ரீயில் (போர்டின் ஹார்டுவேரை விவரிக்கும் ஃபைல்) சிப் செலக்ட், அதாவது பஸ்ஸில் டிபிஎம்மைத் தேர்ந்தெடுக்கும் பின், எங்கிருந்து வருகிறது?

கேட்டவர்

ஐ2சி என்ற இன்னொரு பஸ்ஸில் இருக்கும் ஜிபிஐஓ எக்ஸ்பாண்டரிலிருந்து (கூடுதல் பின்கள் தரும் சிப்). பிசிஏ953எக்ஸ் டிரைவர்.

பதில் 2

அதேதான். டிரைவர்ஸ் மேக்ஃபைலைத் திறந்து பாருங்கள்: எஸ்பிஐ மேலே, ஐ2சி வெகு கீழே. எக்ஸ்பாண்டர் டிரைவர் முன்னதாகவே வரும் சப்சிஸ் இனிட்கால் கட்டத்திலேயே பதிவாகிவிடும், ஆனால் அது உட்காரும் ஐ2சி பஸ் இன்னும் எழுந்திருக்காது. உங்கள் ஐ2சி கன்ட்ரோலர் டிரைவர் சாதாரண மாட்யூல் இனிட்டில் இருந்தால் அதைச் சப்சிஸ் இனிட்காலுக்கு மாற்றுங்கள். பல ஐ2சி டிரைவர்கள் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கின்றன. அதன் கிளாக், பின்கன்ட்ரோல் (பின்களின் பணியை அமைக்கும் டிரைவர்) இரண்டும் அதற்கு முன் வந்துவிடுகின்றனவா என்பதையும் பாருங்கள்.

ஐஎம்ஏவை லேட் இனிட்காலுக்கு அடுத்து வரும் லேட் இனிட்கால் சிங்க்குக்குத் தள்ளினாலும் ஓடும். ஆனால் பாதுகாப்புக் கோடில் ஒரு தனிப் பேட்சை ஒவ்வொரு பதிப்புக்கும் சுமக்க எனக்கு மனம் வராது. அடுத்த போர்டு ரிவிஷனில் எஸ்பிஐ கன்ட்ரோலரின் சொந்தச் சிப் செலக்ட் பின்னையே டிபிஎம்முக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்

ஒரே வரி மாற்றம். டிபிஎம் இப்போது 1.02-இல் வருகிறது, பூட் அக்ரிகேட்டில் உண்மையான ஹாஷ், பிசிஆர் 10 நகர்கிறது. ஹார்டுவேர் குழுவுக்கும் எழுதிவிட்டேன். மிக்க நன்றி.